பர்ஹத்துக்கு ஐந்து ட்யூன்

அசாருதீனின் செல்போன் கடை விருதுநகர் மெயின் பஜாரிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் சந்தில் இருந்தது. ஆறடி அகலம், எட்டடி நீளம். ரீசார்ஜ் கார்டு விற்பது, சார்ஜர் விற்பது, தேய்ந்துபோன கீபேடை மாற்றிக் கொடுப்பது எல்லாம் அங்கே நடந்தாலும், அவனைக் கேட்டால் தன்னுடையது ரிங்டோன் கடை என்றுதான் சொல்வான். அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். முழுப் பாட்டும் ஓடுகிற போன் வசதியுள்ளவர்கள் கையில்தான் இருந்தது. மற்றவர்களிடம் இருந்தவை ட்யூனை மட்டும் ஒற்றைக் குரலில் கீச்சிடுகிற போன்கள். அந்த ட்யூன்களை அசாருதீன் கையாலேயே செய்தான். பாட்டை இரண்டு தரம் கேட்பான். கண்ணை மூடுவான். பிறகு போனின் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திச் சுரம் சுரமாக ஏற்றிவிடுவான். முறையாகப் பாட்டுப் படித்தவன் இல்லை. ஆனால் எந்தப் பாட்டும் அவன் காதுக்குத் தப்பாது என்று பஜாரில் பேர் இருந்தது. அந்தப் பேரை முதலில் பரப்பியதும் அவன்தான்.

அவனுடைய வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் கோட்டைச்சாமி. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து புது ட்யூன் ஏற்றிக்கொண்டு போவார். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் காலையில் வாசலில் வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே வாரத்தில் ஆறு நாள் அந்த ட்யூனைக் கேட்டு அனுபவித்தவர் வாட்ச்மேன் கண்ணுச்சாமிதான். வாட்ச்மேனுக்குப் பிடிக்கவில்லை என்று கோட்டைச்சாமி மறுவாரமே ட்யூனை மாற்றியதும் உண்டு.

இப்படிப்பட்ட அசாருதீனுக்கு அக்கா மகளாக வாய்த்தவள் பர்ஹத்.

பர்ஹத்துக்கு ஐந்து வயது. பிறக்கும்போதே காது கேட்காது. மூன்றாவது வயதில் மதுரையில் ஆபரேஷன் செய்து காதுக்குள்ளே கருவி வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து ஒரு வயர். வயரின் நுனியில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டமான காயில். அது காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். தலையில் மட்டுமில்லை, பீரோவில், தையல் மெஷினில், ஸ்கூல் வேன் கதவில் என்று இரும்பு கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். "காத எங்கன வச்ச?" என்று அவளுடைய அம்மா குல்சார் பேகம் வீட்டைச் சுற்றித் தேடாத நாளில்லை. பிடிக்காத பேச்சு வந்தால் பர்ஹத் தானாகவே அதைக் கழற்றிவிடுவாள். அவளுடைய அத்தா தவுபிக் சிவகாசிப் பிரஸ்களுக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் கண்டிக்க ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் பிள்ளையின் தலையில் காயில் இருக்காது.

இரண்டு வருஷத்தில் பர்ஹத் நன்றாகப் பேசப் பழகிவிட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் மதுரைக்குப் போய்ப் பயிற்சி. குல்சார்தான் கூட்டிப்போவாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்ததால் அசாருதீன் கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான். எல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான்.

பயிற்சி கொடுக்கும் வேலுத்தாய் சிவகாசிக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். அன்றைக்கு அவள் மேஜைமேல் நாலு படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். யானை, ரயில், தக்காளி, நிலா. ஒவ்வொன்றுக்கும் பர்ஹத் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பாட்டு உண்டு. வேலுத்தாய் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பாடினாள். பாட்டு எது என்று பர்ஹத் படத்தைத் தொட்டாள். நாலும் சரி. அசாருதீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்ததாக வேலுத்தாய் சின்னக் கீபோர்டு ஒன்றை எடுத்து, அதே பாட்டுகளை வார்த்தை இல்லாமல், எல்லாவற்றையும் ஒரே நடையில் வாசித்தாள். பர்ஹத் யானையைத் தொட்டாள். அடுத்ததற்கும் யானை. மூன்றாவதற்கும் யானை. அவளுக்கு யானை பிடிக்கும்.

"மேடம், கீபோர்டுல ஏதும் கோளாறா?" என்றான் அசாருதீன்.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. பிள்ளைக்குத் தாளம் நல்லாப் பிடிபடும். ராகம் பிடிபடாது. இந்த மெஷின் வச்ச பிள்ளைகள்ல முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான்."

"ஏன் பிடிபடாது?"

வேலுத்தாய்க்கு அவனை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்திருந்தது. அவளுடைய அப்பா பிரஸ்ஸில் மெஷின்மேன். "காலண்டர் அடிக்கறதப் பாத்திருக்கீகளா? நாலு கலரும் மேல மேல விழுந்தாத்தான் படம். ஒரே கலர்ல அடிச்சு எடுத்தாலும் ஆள் இன்னார்னு தெரியும், சிரிக்கறதும் தெரியும். கட்டியிருக்கிற சேல பச்சையா சிவப்பான்னுதான் தெரியாது. நம்ம காதுக்குள்ள ஆயிரக்கணக்கான நரம்புமுடி பாக்கிற வேலைய இவளுக்கு இருபத்திரண்டு புள்ளிதான் பாக்குது. பேச்சுக்கு அது போதும். கொட்டுக்குப் போதும். சுரம் ஏறுதா இறங்குதான்னு கண்டுபிடிக்கப் போதாது."

"அப்ப எம்புள்ளைக்குப் பாட்டே இல்லேங்கிறீகளா?"

"யாரு சொன்னா? பாட்டுன்னா உசுரா இருப்பா. நீங்க கேக்கிற பாட்டா இருக்காது, அம்புட்டுத்தான்."

அசாருதீனுக்கு அந்த 'அம்புட்டுத்தான்' பிடிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு குத்துப்பாட்டு ஓடியது. பர்ஹத் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். இவளுக்கா ராகம் தெரியாது என்று அவன் மனது குமைந்தது. எல்லாம் பழக்கம்தான், கீபோர்டில் அரைகுறையாக ஒரு தடவை வாசித்துவிட்டுத் தெரியாது என்று எழுதிவிடுவதா, என் கையில் விட்டால் ஒரே மாசத்தில் தேற்றிவிடுவேன் என்று திருமங்கலம் தாண்டுவதற்குள் முடிவு கட்டிவிட்டான்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தான். தன் போனில் ஐந்து ட்யூன் செய்து, கூப்பிடுகிற ஐந்து பேருக்கு ஆளுக்கொன்றாக வைத்தான். மிடுக்கான நடை போடுகிற ஒரு ட்யூன் அத்தாவுக்கு. ஒரு தாலாட்டு அம்மாவுக்கு. அந்த வருஷம் எல்லா மினிபஸ்ஸிலும் ஓடிய குத்துப்பாட்டு ஸ்கூல் வேன் டிரைவர் சுந்தரபாண்டிக்கு. அடக்கமான ஒரு வணக்கப் பாட்டு ரோஜா டீச்சருக்கு. ஐந்தாவது, உருக்கமான ஒரு காதல் பாட்டு. அதைக் காரியாபட்டி அசன் முகம்மது பெரியப்பாவுக்கு வைத்தான்.

அசன் முகம்மது தவுபிக்குக்கு அண்ணன் முறை, கடலை வியாபாரி. சிரித்தால்கூட அதட்டுவது போலிருக்கும். அவருடைய மகள் தஹ்மீனாவைத்தான் அசாருதீனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். அதுவரை மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ளும் பழக்கமெல்லாம் தன் வீட்டில் கிடையாது என்று பெரியப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னவர் தினமும் பகல் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுப்பார். படுக்கும்போது போனை ஜன்னலில் வைப்பார். இரண்டு பத்துக்கு அந்தப் போனிலிருந்து அசாருதீனுக்கு அழைப்பு வரும். பேசுவது பெரியப்பா இல்லை. இது விருதுநகரில் யாருக்கும் தெரியாது.

பர்ஹத்தைக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் தன்னைப் பார்க்க உட்கார வைப்பான். பட்டனை அழுத்துவான். "யாரு?" என்பான். முதல் நாள் அவள் எல்லாவற்றுக்கும் "சுந்தரபாண்டி மாமா" என்றாள். மூன்றாம் நாள் இரண்டு சரி. எட்டாம் நாள் நாலு. பத்தாம் நாள் ஐந்து ட்யூனையும் எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒன்றுகூடத் தப்பவில்லை. அசாருதீன் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க ஒரு நடை நடந்துவிட்டு வந்தான்.

செய்தி பரவியது. ஜூஸ் கடைக்காரர் வந்து பார்த்தார். பாத்திரக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோட்டைச்சாமி வாட்ச்மேன் கண்ணுச்சாமியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏலே அசாரு, நீ பட்டன அமுக்கினா நீயே சைகை காட்டிருவ. போன எங்கிட்டக் கொடு," என்றார் கோட்டைச்சாமி.

"தாராளமா அமுக்குங்கண்ணே."

கோட்டைச்சாமி போனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அமுக்கினார். தாலாட்டு. அசாருதீன் பெட்டிக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தான். பர்ஹத் ஒரு கணம் யோசித்து, "அம்மா," என்றாள். அடுத்தது, "ரோஜா டீச்சர்." அடுத்தது, "காரியாபட்டி பெரியப்பா." மூன்றும் சரி.

கண்ணுச்சாமி வாயைப் பிளந்தார். "எனக்கு ரெண்டு காதும் சொந்தக் காது. எனக்கே அந்த மூணு பாட்டுக்கும் வித்தியாசம் தெரியல," என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அசாருதீன் குல்சாரையும் கிளப்பிக்கொண்டு மதுரைக்குப் போனான். தம்பியின் சாதனையை அக்கா நேரில் பார்க்க வேண்டாமா? இஸ்திரி போட்ட சட்டை, சென்ட்டு, எல்லாம் பலமாக இருந்தது.

வேலுத்தாய் அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய பெஞ்சுல இருங்க," என்றாள்.

அசாருதீன் வெளியே உட்கார்ந்து, கதவு வழியாகக் கசிந்த ட்யூன்களை விரல் விட்டு எண்ணினான். ஐந்து. மறுபடி ஐந்து. கதவு திறந்தது. "ரெண்டு சரி," என்றாள் வேலுத்தாய். "அத்தாவோடதும் வேன் டிரைவரோடதும். அது ரெண்டுலயும் தாளம் தனியாத் தெரியுது. மெதுவாப் போற மூணையும் பிரிக்கத் தெரியல. எது வந்தாலும் அம்மாங்கிறா."

"பிள்ள பயந்துருச்சு மேடம். நான் பக்கத்துல இருந்தாத்தான் அதுக்குத் தைரியம்."

"சரி, உள்ள வாங்க."

அவன் உள்ளே வந்து பர்ஹத்துக்கு எதிரே உட்கார்ந்தான். ஐந்துக்கு ஐந்தும் சரியாக வந்தது. அவன் வேலுத்தாயை ஒரு பார்வை பார்த்தான். நாளைக்கே பேப்பரில் போட்டோ வரப்போகிறவன் பார்வை அது. வேலுத்தாய் போனை மறுபடி எடுத்தாள். "இன்னொரு தரம்," என்றாள். இந்தத் தடவை பிள்ளையைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ட்யூனில் அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

பிறகு அவள் செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. பர்ஹத்தின் தலையிலிருந்து காயிலைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இப்போது பிள்ளைக்கு இடி விழுந்தாலும் கேட்காது. போனையும் சைலண்டில் போட்டாள். பட்டனை அமுக்கி, திரையை மட்டும் அசாருதீனுக்குக் காட்டினாள். திரையில் மச்சான் தவுபிக் பெயர்.

அசாருதீன் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்திச் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டான்.

"அத்தா," என்றாள் பர்ஹத்.

அடுத்த பெயர் குல்சார். எப்போது போன் செய்தாலும் சாப்பிட்டாயா, தொழுதாயா, ஏன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்று கேட்கிற அக்கா. அவன் கை பிடரியைச் சொறிந்தது.

"அம்மா."

சுந்தரபாண்டிக்கு அவன் இடது தோள் துள்ளியது. ரோஜா டீச்சருக்கு, நகம் வெட்டாத பையனைப் போல இரண்டு கையும் மேஜைக்கடியில் போனது. பர்ஹத் கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது பெயரைக் காட்டியதும் அசாருதீன் விழித்துக்கொண்டான். முகத்தை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். இறுக்கியும் பலனில்லை. காதுமடல் சிவந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பல் தெரிந்தது.

"காரியாபட்டி பெரியப்பா," என்றாள் பர்ஹத், சந்தேகமே இல்லாமல்.

வேலுத்தாய் போனை மேஜையில் வைத்தாள். "எல்லாம் சரி தம்பி. ஒண்ணுதான் எனக்கு விளங்கல. பெரியப்பாவ நெனச்சா உங்களுக்கு எதுக்கு இம்புட்டு வெக்கம்?"

குல்சார் பேகம் அதுவரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது. அசன் முகம்மதுவின் முகம் அவள் கண்முன் வந்தது. அந்த மனுஷரை நினைத்து வெட்கப்படுகிற ஆள் உலகத்தில் எங்கேயாவது இருக்க முடியுமா என்று யோசித்தாள். யோசித்து முடித்தாள்.

"ஏண்டா, அந்த வீட்டுப் போனுல யாருடா பேசறது?" என்றாள்.

அசாருதீன் மேஜைமேலிருந்த காயிலை எடுத்து மிகுந்த அக்கறையோடு பிள்ளையின் தலையில் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் குல்சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். அதற்குப் பதிலாக நிக்காஹ் வரைக்கும் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் பிள்ளையை அவன்தான் கூட்டிப்போக வேண்டும். அசாருதீன் தலையாட்டினான்.

ஆனால் அவனுக்கு வலித்தது அது இல்லை. மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தான். "ஏன் பாப்பா மாமாவ ஏமாத்துன?"

"ஏமாத்தல," என்றாள் பர்ஹத்.

"பாட்டக் கேட்டுத்தான சொல்லணும்?"

"நீங்க யாருன்னு கேட்டீக. யாருன்னு சொன்னேன்."

பத்து நாளும் அவளை எதிரே உட்காரவைத்து யாரு யாரு என்று கேட்டதைத் தவிர, உனக்கு என்ன கேட்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளுக்குப் பாட்டு வர வேண்டும் என்று அவன் தவித்தது அவளுக்காகவா, பஜாரில் தனக்கிருந்த பேருக்காகவா என்ற சந்தேகம் அவனுக்கே வந்துவிட்டது. கள்ளிக்குடி தாண்டியும் அது போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைச்சாமி வந்தார். "வாட்ச்மேன் கேக்கச் சொன்னாரு. மதுரையில பிள்ள பாஸா, பெயிலா?"

"பிள்ள பாஸ்தாண்ணே. நாந்தான் பெயிலு," என்று சொல்லிவிட்டு அசாருதீன் ஒரு சார்ஜரைத் துடைக்க ஆரம்பித்தான். கோட்டைச்சாமி அன்றைக்குப் பழைய ட்யூனோடேயே திரும்பிப் போனார். அது இதுவரை நடக்காதது.

அந்த வாரத்தில் ஒருநாள் மக்ரிப் தொழுகை முடிந்ததும் வீட்டுக்குப் பரோட்டா வாங்க வண்டியில் கிளம்பினான். பர்ஹத் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்திருந்தாள். பரோட்டாக்கடை இன்னும் ஒரு தெரு தள்ளி, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கொத்துப் பரோட்டா கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னைக்கு ஊர்க்காவலன் மாமா இல்ல. பாண்டி மாமா," என்றாள் பர்ஹத்.

அசாருதீன் காதில் வாங்காமல் வண்டியைத் திருப்பினான். கல்லுக்கு முன்னால் பரோட்டா மாஸ்டர் பாண்டிதான் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கடையில் இரண்டு மாஸ்டர்கள். முறை எதுவும் இல்லாமல் மாறி மாறி வருவார்கள், எந்த நாளுக்கு யார் என்பது முதலாளிக்கே தெரியாது. அசாருதீன் பார்சலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மனசு மட்டும் சும்மா இருக்கவில்லை.

மறுநாளும் பிள்ளையைத் தூக்கி டேங்க்மேல் வைத்துக்கொண்டு கிளம்பினான். இந்தத் தடவை முகத்தில் கைக்குட்டையைக் கண்வரைக்கும் கட்டிக்கொண்டு, கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டான். இருட்டுகிற நேரத்தில் கூலிங்கிளாஸோடு வண்டி ஓட்டியதால் தபால் பெட்டிமேல் மோதப் பார்த்தான். திருப்பத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "யாரு?" என்றான்.

பர்ஹத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஊர்க்காவலன் மாமா."

இறங்கி நடந்துபோய் எட்டிப் பார்த்தான். ஊர்க்காவலன்தான். திரும்பி வந்து அவனும் காதைத் தீட்டிக் கேட்டான். எந்தப் பாட்டும் தப்பாத அந்தக் காதுக்குத் தகரத்தில் தகரம் மோதுகிற சத்தம்தான் கேட்டது.

"எப்படித் தெரியுது பாப்பா?"

பர்ஹத் இரண்டு உள்ளங்கையாலும் பெட்ரோல் டேங்கில் அடித்துக் காட்டினாள். பாண்டி மாமா இப்படி, டக்கடக்க டக்கடக்க டங், நிற்கவே மாட்டார். ஊர்க்காவலன் மாமா டக்க டக்க, கொஞ்சம் நிறுத்து, டக்க டக்க, டங்.

"நிறுத்தறது எதுக்கு?"

"டிவி பாப்பாரு."

அசாருதீன் மறுபடி எட்டிப் பார்த்தான். ஊர்க்காவலன் நாலு கொத்துக் கொத்திவிட்டு மூலையில் ஓடிய சீரியலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொத்தினார். கைக்குட்டைக்குள்ளேயே அசாருதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பார்சல் வாங்கவில்லை. பிள்ளையைக் கடைக்குள் கூட்டிப்போய் இரண்டு பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டான்.

"பாட்டு உனக்கு எப்படிக் கேக்கும்?"

"பேசும். நிக்காம, வேகமா, அழகாப் பேசும்."

"மேல போகும், கீழ வரும்... அது தெரியுதா?"

பர்ஹத் வாயிலிருந்த பரோட்டாவை மென்று முடித்துவிட்டு, "எந்த மாடிக்கு?" என்று கேட்டாள்.

அசாருதீன் தண்ணீரைக் குடித்தான். ஏறுவதையும் இறங்குவதையும் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் முகத்தில் எதையோ இழந்த ஆளின் குறை எதுவும் இல்லை. சால்னா காரமாக இருக்கிறது என்ற குறைதான் இருந்தது. "நல்லா இருக்குமா, பாட்டு?" என்றான். "நல்லா இருக்கும்," என்றாள்.

அடுத்த வாரம் அவன் ஐந்து ட்யூனையும் அழித்தான். சுரம் ஏற்றாமல், ஒரே சத்தத்தைக் கொட்டாக அடுக்கி, புதிதாக ஐந்து செய்தான். அளவு சொன்னது பர்ஹத். பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு அடித்துக் காட்டுவாள், அவன் பட்டனில் ஏற்றுவான். அத்தாவுக்குப் பிரஸ் மெஷின் ஓடுகிற தாளம். அம்மாவுக்குத் தையல் மெஷின், நடுவில் நூல் அறுந்து நிற்கிற இடத்தோடு. ரோஜா டீச்சருக்குப் பள்ளிக்கூட மணி. சுந்தரபாண்டிக்கும் பெரியப்பாவுக்கும் இரண்டு பரோட்டா மாஸ்டர்கள். செய்து முடித்துப் போட்டுக் கேட்டபோது அசாருதீனுக்கு ஐந்தும் ஒன்றுபோலவே இருந்தன. எது யாருடையது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை வேலுத்தாய் சொல்வதற்கு முன்னாலேயே தானாக வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தான். கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"அஞ்சுக்கு அஞ்சு. ரெண்டு தரம் பாத்துட்டேன்," என்றாள் வேலுத்தாய். "ஆனா தம்பி, தாளம் நல்லாப் பிடிபடும்னு மொத நாளே நான் சொன்னேன்."

"சொன்னீக மேடம்," என்றான் அசாருதீன். "நாந்தான் சேலையோட நிறத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

கோட்டைச்சாமிக்குப் பரோட்டா மாஸ்டர் தாளம் பிடித்துப்போய்விட்டது. அதை வாட்ச்மேனும் கேட்டு ரசித்தார். அவர் மூலமாக ஆலை லோடு ஏற்றுகிறவர்களுக்குப் பரவி, லாரியோடு ஊர் ஊராகப் போயிற்று. சூலக்கரையில் ஓர் அலுவலகக் கூட்டத்தின் நடுவில் யாருடைய போனிலோ அது அடித்து, அத்தனை பேருக்கும் பசி வந்து கூட்டம் பாதியில் முடிந்ததாகக்கூட அசாருதீன் சொல்லிக்கொண்டான். கடையில் அந்த ட்யூனைக் கேட்டு வருகிறவர்கள் யார் செய்தது என்று கேட்டால், பெட்டிமேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கும் பர்ஹத்தைக் காட்டுவான். நம்பாதவர்கள்தான் அதிகம்.

பெருநாள் கழிந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியில் நிக்காஹ் நடந்தது. தீபாவளி நெருக்கம், சீசன் உச்சம், ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கோட்டைச்சாமி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். அசன் முகம்மது பெரியப்பா மருமகனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தியபோதும் திட்டுகிற மாதிரியே இருந்தது. சாயங்காலம் பெண்ணழைத்துக்கொண்டு சுந்தரபாண்டியின் வேனில் விருதுநகருக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் அசாருதீன், தஹ்மீனா, நடுவில் பர்ஹத். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பகல் இரண்டு பத்துக்கு வந்த பேச்சு இப்போது பக்கத்தில் உட்கார்ந்ததும் வரவில்லை. இரண்டு பேரும் எதிரே இருந்த ஸ்டெப்னி டயரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த அமைதி பர்ஹத்துக்குப் பொறுக்கவில்லை. பாட ஆரம்பித்தாள்.

"தக்காளிக்கு மீசை இல்லை, வெங்காயத்துக்குத் தாடி உண்டு, கத்திரிக்காய்க்குக் குடை உண்டு, மழை வந்தாலும் நனையாது."

பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டு வளைந்து நெளிந்து ஓடும். பர்ஹத் அதை ஒரே சுரத்தில், நேர் ரோடுபோலப் பாடினாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி அடித்த மாதிரி விழுந்தது. முன் சீட்டிலிருந்த தவுபிக் திரும்பிப் பார்த்தார். குல்சார் கை தட்டினாள். சுந்தரபாண்டி ஸ்டியரிங்கில் தட்டினார். தஹ்மீனாவுக்குச் சிரிப்பு வந்து, முக்காட்டுக்குள் அவளும் தாளத்துக்குத் தலையாட்டினாள்.

"மாமாவும் பாடட்டும்," என்றாள் தஹ்மீனா, மெதுவாக. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அசாருதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு பர்ஹத்தோடு சேர்ந்துகொண்டான். அவள் பாடுகிறபடியே பாடிப் பார்க்க ஆசை. ஒரே சுரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதானே. தக்காளிவரைக்கும் நின்றான். மீசையில் குரல் தானாக மேலே ஏறிவிட்டது. பிடித்து இறக்கினான். வெங்காயத்தில் கீழே சறுக்கியது. அதைச் சரிசெய்வதற்குள் பர்ஹத் கத்திரிக்காய்க்குப் போய்விட்டாள், அவன் எட்டிப் பிடிக்கப் போய் அவளைத் தாண்டிவிட்டான்.

பர்ஹத் பாட்டை நிறுத்தி, அவன் முழங்கால்மேல் கை வைத்தாள்.

"மாமா, ஓடாதீக," என்றாள். "மொதல்ல இருந்து வாங்க."

அவன் முதலிலிருந்து வந்தான். இந்தத் தடவை தஹ்மீனாவும் கூடப் பாடினாள். வேன் கல்குறிச்சி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.